போட்டாச்சு அத்தான்

ஜனவரி 9

உன் பெயருக்குக் கடை விலாசத்தில் ஒரு தபால் வந்திருக்கிறது. உறையின் மேல் வண்டிக் கம்பெனியின் முத்திரை. பிரிக்கவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இத்துடன் வைத்து அனுப்புகிறேன்.

உன் விலாசத்தை, என் பிறந்தநாளுக்கு நீ வருஷா வருஷம் அனுப்பும் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். முன்பக்கத்தை நான் படிப்பதில்லை.

கம்பெனிக்காரர்களிடம் உன் சரியான விலாசத்தைக் கொடு. இந்தக் கடை விலாசம் உனக்கு இனித் தேவையில்லை. வேறு ஒன்றும் இல்லை.


ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துதான் போனேன், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. படித்த பிறகு, பரவாயில்லை, கடுகடுப்பதற்காகவாவது பேனா எடுத்தாயே என்று இருந்தது. கோபித்துக்கொள்ளாதே. அட்டையை நீ படிக்காவிட்டாலும் குப்பையில் போடாமல் வைத்திருந்தாய். அது போதும்.

நான் இங்கே ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். தரைக்குக் கீழே இருக்கும் தளம், ஜன்னல் கிடையாது. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். துணி ஏற்றிய தள்ளுவண்டிகளைச் சுவரோரம் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தடியில் ஒரு மரத்துண்டை வைப்பேன். சக்கரத்திலேயே பூட்டு இருக்கிறது, இருந்தாலும் வைப்பேன். அதனால் இங்கே எனக்குப் பெயர் முட்டுக்கட்டை. 'முட்டுக்கட்டை வந்தாச்சா?' என்றுதான் மேற்பார்வையாளரே கேட்பார். நான் இருக்கும் இடத்தில் ஒரு வேலையும் ஓடாதாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். ஏன் வைக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் எப்படி எழுதினாலும் நீ அதை ஒரு மாதிரிதான் எடுத்துக்கொள்வாய். அதனால் அந்தக் காகிதத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். நம் பிக்கப் வண்டியைச் செய்த வருஷத்தில் செய்த வண்டிகளையெல்லாம் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. கியர்பெட்டியில் கோளாறாம். நாம் கையில் பிடிக்கிற கியர் லீவரிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு கம்பி போகிறது. கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம். அது சூட்டில் நாளாக ஆக நொறுங்கிப் போகிறதாம். அப்புறம் நாம் வண்டியை நிறுத்த லீவரை 'பி' என்ற எழுத்துக்குத் தள்ளினாலும் உள்ளே கியர் அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கலாம். சில நேரம் போகும், சில நேரம் போகாது. ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. 'பி' என்று காட்டும், சாவியும் கழன்று கையோடு வரும், ஆனால் உள்ளே ஒன்றும் பூட்டியிருக்காது. வண்டி நகரும்.

நகரும் என்று அச்சடித்தே போட்டிருக்கிறார்கள் அக்கா.

அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எனக்காக இதைச் சொல்லவும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டு மேஜையில் சாவியோடு வைத்துவிட்டு வந்த விற்பனைப் படிவத்தை வைத்து நீ வண்டியை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாங்கியவர் பெயரை மாற்றவே இல்லை போலிருக்கிறது. 'உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்டா' என்று அத்தான் என் பெயரில் வாங்கியது இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது. அப்படியென்றால் வண்டியை வைத்திருப்பவருக்கு இந்தச் சேதி போகவே போகாது. எங்கேயோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் அதன் பின்னால் நின்று சாமான் இறக்குகிறார்.

யாரிடம் விற்றாய்? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


ஜனவரி 26

உனக்கு,

எத்தனை நாளாகக் காத்திருந்தாய் இப்படி ஒரு காகிதத்துக்கு?

வண்டியைத் திரும்பக் கூப்பிடுகிறார்களாமே. ஆளையும் திரும்பக் கூப்பிட்டுத் தருவார்களா? அதையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

எனக்கு எல்லாம் மறந்திருக்கும் என்று நினைக்கிறாயா? நான் கடைக்குள் ஒருவருக்கு மேஜைக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். துணிக்கடைக்குச் சேர வேண்டிய ஆளுயர முகக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். வண்டியைப் பின்பக்கமாக, சுவரை நோக்கிச் சரியும் முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினாய். அவர் இறங்கிப் பின்னால் போகும்போது கேட்டார், 'போட்டாச்சாடா?' நீ சொன்னாய், 'போட்டாச்சு அத்தான்.' அவர் தினமும் கேட்பதும் நீ தினமும் சொல்வதும் எனக்குக் கடிகாரச் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது. அன்றைக்கும் சொன்னாய். உன்னை நம்பித்தான் அவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார்.

அப்புறம் உன் கத்தல். நான் ஓடிவந்தபோது நீ எங்கே இருந்தாய்? அவர் சுவரோரம் கிடக்கிறார், நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு லீவரில் கை வைத்திருக்கிறாய்! பிறகு வந்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, லீவர் 'பி'யில் இருக்கிறது, கைப்பிரேக்கும் இழுத்திருக்கிறது, எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். மறந்ததை எல்லாம் நீ ஏறிப் போய்ச் சரிசெய்து வைத்தாய்.

சரி, வளையம் நொறுங்கியது என்றே வைத்துக்கொள்வோம். கைப்பிரேக்கை ஏன் முதலிலேயே போடவில்லை? அதற்கும் ஒரு வளையம் நொறுங்கியதா?

ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்துச் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். அந்த நேரத்தில் நீ அவரைத் தொடவில்லை. லீவரைத் தொட்டாய்.

வண்டி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே போய்க் காகிதத்தை நீட்டி, பாருங்கள் ஐயா, நான் உத்தமன் என்று ஒரு கூட்டம் சேர்ப்பாய். உன் அத்தான் பெயரை வைத்து யாரும் நியாயம் பேச வேண்டாம்.

போன் பண்ணும் யோசனை இருந்தால் அதையும் மறந்துபோ. உன் நம்பரை நான் எடுக்காமல் இருப்பது வீம்புக்காக இல்லை. உன் குரல் காதில் விழுந்தால் அன்றைக்குக் கத்தினாயே, அந்தக் கத்தல்தான் எனக்குக் கேட்கும்.


பிப்ரவரி 3

அக்கா,

கைப்பிரேக் போடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் நான் ஒரு நாளும் போட்டதில்லை, அத்தானும் போட்டதில்லை. 'பி' போட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். காகிதத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது, கோளாறைச் சரிசெய்யும்வரை ஒவ்வொரு தடவையும் கைப்பிரேக் போடுங்கள் என்று. மற்ற வரிகளை விட அதைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். அது என் தலையில்தான் நிற்கும். அதை இறக்கி வைக்கச் சொல்லி உன்னிடம் கேட்கவில்லை.

ஏன் வண்டிக்குள் ஏறினேன் என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வண்டி அவரைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. ஏறி, ஸ்டார்ட் பண்ணி, முன்னால் எடுத்தால்தான் அவருக்கு மூச்சு வரும். எடுத்தேன். எடுத்ததும் மறுபடி பின்னால் வந்துவிடுமோ என்ற பயத்தில் 'பி' போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்தேன். அந்த வண்டியில் அதை நான் இழுத்தது அந்த ஒரு தடவைதான். அப்போதுதான் நீ வந்தாய். நீ பார்த்தது பொய்யில்லை. என் கை லீவரில்தான் இருந்தது.

இதை நம்பு என்று சொல்லவில்லை. நம்பாமலே இரு. ஆனால் எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை அக்கா. தெருவில் எந்த பிக்கப் பின்னால் வந்தாலும் அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். முந்தாநாள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து இழுத்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. நீயே போ. காகிதத்தை உனக்கே அனுப்புகிறேன். என் பேச்சையே எடுக்க வேண்டாம், கம்பெனி சொல்கிறது என்று மட்டும் சொல். என் மேல் இருக்கும் கோபத்தில் இன்னொரு வீட்டில் ஒன்று நடந்தால், அதைத் தாங்குகிற தெம்பு உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

தம்பி


பிப்ரவரி 22

தம்பி,

உன் கடிதத்தையும் அந்தக் காகிதத்தையும் கடையில் பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் சொருகி வைத்துவிட்டு, என் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரே குழாய்க் கடைக்கு ஒரு லாரி வந்தது. பின்பக்கமாக வரும்போது அலறுமே, அந்தச் சத்தத்தோடு வந்தது. வெட்டுவதற்குக் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்த என் கை இழுத்துக்கொண்டு, நல்ல கண்ணாடி ஒன்று வீணாகிப் போயிற்று. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

வண்டியை வாங்கியது வேறு யாரும் இல்லை. நம் கடையில் தொட்டிக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டு போவாரே, மீன்தொட்டிக்காரர், அவர்தான். இப்போது ஊருக்கு வெளியே குடிபோய்விட்டார். நம் கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நம் விலை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. வாசலில் வண்டி. கதவில் இருந்த நம் கடைப் பெயரைச் சுரண்டியிருக்கிறார், ஆனாலும் வெயில் பட்டால் எழுத்து தெரிகிறது. வண்டிக்குப் பின்னால், சக்கரத்துக்கு நேராக, அவருடைய பேத்தி மண்டி போட்டுத் தரையில் சாக்பீஸால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார வைத்த பிறகுதான் சக்கரத்தடியில் இருந்த கல்லைப் பார்த்தேன். சின்னக் கல் இல்லை. இரண்டு கையால் தூக்க வேண்டிய கல்.

'என்ன அண்ணா, கல்லு வெச்சிருக்கீங்க?' என்று கேட்டேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'வாங்கின புதுசிலேயே பார்த்தேம்மா. பி-ல போட்டுட்டு இறங்குவேன். ஒரு நாள் கம்முன்னு நிக்கும், ஒரு நாள் தானா நகரும். மெக்கானிக்கிட்ட காட்டினா அவர் கையில ஒழுங்கா நிக்குது. சரி, கைப்பிரேக்கையும் போட்டு கல்லும் வெச்சுக்கிட்டாப் போச்சுன்னு இருந்துட்டேன்.'

'என்கிட்ட ஏன் சொல்லல?'

'எப்படிம்மா சொல்றது? உங்க வீட்டுக்காரர் போனதே இந்த வண்டியால. உங்க முன்னாடி இதைப் பத்தி வாயெடுக்கவே மனசு வரல. கடைக்கு வந்தா எங்க உளறிடுவேனோன்னுதான் கண்ணாடியே வேற பக்கம் வாங்க ஆரம்பிச்சேன்.'

நல்ல மனசுதான், யார் இல்லை என்றது. அவருடைய நல்ல மனசிலும் என்னுடைய கெட்ட மனசிலும் சேர்ந்து நாலு வருஷம் போயிருக்கிறது தம்பி.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். பேத்தியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னேன். கல்லைச் சக்கரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். நானே ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, அவர் காட்டிக்கொடுத்த கைப்பிரேக்கை இறக்கி, முன்னால் கொஞ்சம் எடுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் 'பி'க்குத் தள்ளினேன். அவர் வெளியில் நின்று, 'இப்ப பிரேக்கிலேருந்து காலை எடுங்க' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. நம் கடையில் சொல்லக்கூடாத அந்தச் சொல்லைச் சொன்னார், 'பிடி' என்பதற்கு எதிர்ச்சொல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைப் பிடித்திருப்பவன் காதில் அது விழுந்தால் கை தானாகத் திறந்துகொள்ளும் என்று உன் அத்தான் அதைக் கடைக்குள்ளேயே நுழைய வைக்கவில்லையே. வாய் தவறிச் சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும், பில்லில் எழுதினாலும் வாங்க வேண்டும். அவர் போன பிறகும் அந்தச் சொல் கடைக்குள் வந்ததில்லை.

காலை எடுத்தேன். வண்டி நின்றது. அசையாமல் நின்றது. அப்போது எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பார், நான் நினைத்ததுதான் சரி என்று. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை, நான் அப்படிப்பட்டவள்தான்.

மறுபடி எடுத்து மறுபடி நிறுத்தினேன். நின்றது. அப்புறமும் ஒரு தடவை. லீவர் 'பி'யில் இருக்கிறது. கண்ணெதிரே 'பி' என்று காட்டுகிறது. எஞ்சினை அணைத்துச் சாவியையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். வண்டி கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சத்தமே போடாமல் பின்னால் போக ஆரம்பித்தது. கல்லில் போய் மோதி நின்றது.

நீ போட்டிருக்கிறாய். போட்டாச்சு என்று நீ சொன்னது உண்மை.

பிரேக்கை மிதித்தபடி அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுது தீர்த்தாயிற்று, இது உனக்காக. மீன்தொட்டிக்காரர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கல்லைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'அண்ணா, அதைக் கீழ வைங்க, வண்டி நகரப்போகுது' என்று நான்தான் அழுகைக்கு நடுவில் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி ஒர்க்‌ஷாப் உன் ஊரில்தான் இருக்கிறதாம். யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரம் அவரே ஓட்டிக்கொண்டு வருகிறார், கல்லையும் ஏற்றிக்கொண்டு. கூடப் போய்ச் சரிசெய்து கொடு. நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

வண்டியைச் சரிசெய்தாயிற்று. மீன்தொட்டிக்காரர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, 'தம்பி, உங்களுக்கு ரெண்டு மீன் கொண்டு வரலாம்னு பார்த்தேன், வழியில செத்துடுமேன்னு கொண்டு வரல' என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் மேல் கோபப்படாதே. அவருக்கு என்ன தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை மேலே தூக்கி, அடியில் நின்று கழற்றினார்கள். பெரிய வேலையாக இருக்கும், சாயங்காலம் ஆகிவிடும் என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மீன்தொட்டிக்காரர் பேத்தியோடு போனில் பேசி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. பழைய வளையத்தைக் கேட்டேன். தரக்கூடாதாம், அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றதும் கொடுத்தார்கள். என் சுண்டுவிரல் நுனியில் மாட்டலாம், அவ்வளவுதான் அக்கா. அதிலும் பாதிதான் மிச்சம் இருந்தது. 'என்ன சார், இதைப் போயி இவ்வளவு நேரம் பார்க்கறீங்க?' என்று மெக்கானிக் கேட்டார். 'ஒண்ணுமில்ல' என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு பொட்டலத்தில் போட்டு ஒட்டினார்.

இதோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும். நீ எனக்காக அழுதாய் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கியர் போட்டேன் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். போட்ட கை என்னுடையதுதானே. நீ நம்பவில்லை என்பது வலித்தது, ஆனால் இத்தனை நாளாக என்னைத் தின்றது அது இல்லை.

வண்டி நகர்ந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அத்தான் அதற்குள் கண்ணாடியை இறக்கி, வண்டிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு கையிலும் கண்ணாடி. அதை அப்படியே உதறிவிட்டுப் பக்கத்தில் தாவியிருந்தால் தப்பித்திருப்பார். இடம் இருந்தது, நேரமும் இருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 'போடுங்க அத்தான்! போடுங்க!'

கீழே போட்டுவிட்டு ஓடுங்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் கடையில் போடு என்றால் என்ன அர்த்தம்? குனிந்து, விளிம்பு நோகாமல் தரையில் வைத்து, சுவரில் சாய்க்க வேண்டும். அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. என் குரலைக் கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் சொன்னபடி செய்தார். குனிந்தார், வைத்தார், சாய்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அவர் நிமிர்வதற்குள் வண்டி வந்துவிட்டது.

கத்த வேண்டிய சொல் வேறு. அது என் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை வாயே தள்ளிவிட்டு, பழகின சொல்லை எடுத்துக்கொடுத்தது. கடையில் அதைச் சொல்லிவிட்டு நான் எத்தனை தடவை டீ வாங்கியிருப்பேன், எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பார். அன்றைக்கு மட்டும் பார்த்துச் சரியாக நடந்துகொண்டேன். இப்போதுகூட எனக்கு அதை எழுத வரவில்லை.

கம்பெனி வளையத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. நான் கத்தியதை எப்படித் திரும்பக் கூப்பிடுவது அக்கா?

தம்பி


மார்ச் 15

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதியம் கடையைச் சாத்திவிட்டேன். கதவில் எதையும் எழுதிக்கூட மாட்டவில்லை. வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீ என்ன கத்தினாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்கிறாய். நன்றாக இருக்கிறது. 'போடுங்க அத்தான், போடுங்க!' அதை வைத்துத்தானே நான் தீர்ப்பே எழுதினேன். அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று உள்ளே இருந்த எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது 'போடுங்க' மட்டும்தான். அய்யோ, இவன் கியர் போட மறந்துவிட்டு இப்போது அவரைப் போய்ப் போடச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடிவந்தேன். வந்து பார்த்தால் உன் கை லீவரில். வேறு என்ன வேண்டும் எனக்கு? நீயே கத்தி ஒப்புக்கொண்டாய் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். உன்னிடம் ஒரே ஒரு தடவை, 'எதைடா போடச் சொன்னே?' என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

நீ சொன்னதை அவர் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டார், நான் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டேன். நீ நினைத்தது எங்கள் இரண்டு பேருக்குமே வந்து சேரவில்லை. அதற்கு உன் வாயை ஏன் திட்டுகிறாய்?

ஒன்று சொல்கிறேன், கேள். அன்றைக்கு நீ அந்த இன்னொரு சொல்லைக் கத்தியிருந்தாலும் அவர் செய்திருக்க மாட்டார். அவர் கழுத்தில் குளவி கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? பெரிய கண்ணாடி ஒன்றின் அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர். முகம் கோணுகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆள் அசையவில்லை. நடந்து போய், கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் 'ஐயோ' என்றார். ஒரு பக்கம் வீங்கிப்போய், யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனாவது கையில் இருக்கிற கண்ணாடியை உதறுவதாவது. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்கிறேனா, நிஜமாகவே அப்படித்தானா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. நான் இதை நம்பிக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன், நீயும் நம்பு.

கைப்பிரேக்கைப் பற்றிக் கேட்டேனே, அதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பிரேக் எங்கே இருக்கிறது என்றே எனக்கு மீன்தொட்டிக்காரர் வீட்டில்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடி இங்கேதான் இருக்கிறது. துணிக்கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், அதுவும் சரிதான். வேறு யாருக்கும் விற்க எனக்கு மனசு வரவில்லை, உடைக்கவும் வரவில்லை. பின்னறையில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், தூசி படிந்து கிடக்கிறது. வெளியே எடுக்கலாம் என்று நேற்று போய் நின்றேன். ஆளுயரக் கண்ணாடி, ஒருத்தியால் தூக்க முடியாது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கடைக்கு வருகிற யாரையாவது கூப்பிடலாம்தான். கூப்பிடவில்லை.

கடை மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுதினாலும் சொன்ன மாதிரிதான் என்பது அவர் போட்ட சட்டம், அதை நான் மீற மாட்டேன். அதனால் முதலிலேயே டீ சொல்லி அனுப்பிவிட்டேன். குழாய்க் கடைக்காரருக்கு ஒன்று, வாசலில் கண்ணாடிக்குச் சட்டம் அடிக்கிற ஆசாரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கொண்டுவந்தவர், 'என்னக்கா, ஒண்ணு கூடுதலா இருக்கே, யாருக்கு?' என்றார். வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இதோ பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது.

விடுடா தம்பி.

அக்கா